பிடித்துவிட்டால் போதுமா?

நாரிப்பிடிப்பு வந்து ஒரு தரமாவது சுவரைப் பிடித்துக்கொண்டு எழும்பாதவர் நம்முள் எத்தனை பேர்? கிணற்றடியில் வாளி தூக்கும்போதோ, அரிசி மூட்டையை நகர்த்தும்போதோ, சில வேளை செருப்பைப் போட வெறுமனே குனியும்போதோ, இடுப்பில் யாரோ கம்பியைச் செருகியதுபோல ஒரு நோ பிடித்துக்கொள்கிறது. அதன்பின் நடப்பது ஏறக்குறைய எல்லா வீடுகளிலும் ஒன்றே. ஒருவர் நோவெண்ணெய்ப் போத்தலைத் தேடுவார். இன்னொருவர் தவிட்டை வறுத்து ஒத்தடத்துக்கு முடிச்சுக் கட்டுவார். நீவிவிடத் தெரிந்த அயல்வீட்டுப் பெரியவரை அழைத்துவரப் பிள்ளை ஓடுவான். எண்ணெய் பூசி நீவியதும் நோயாளி ஆறுதலாக ஒரு மூச்சு விடுவார். "இனி ஒரு கிழமைக்கு அசையாமல் படுத்திருங்கோ" என்ற கட்டளையுடன் வைத்தியம் முடிவுறும்.

இந்த வைத்தியத்தில் முற்பாதி நல்லது, பிற்பாதி தீது. நீவிவிடும் கை தரும் ஆறுதல் பொய்யன்று. ஆனால் அந்த ஆறுதல் கிடைத்த நேரத்தை நோயாளி எதற்குப் பயன்படுத்துகிறார் என்பதிலேதான், அவர் அடுத்த மாதம் வேலைக்குப் போவாரா, அடுத்த ஆண்டிலும் இடுப்பைப் பிடித்துக்கொண்டிருப்பாரா என்பது பெரும்பாலும் தங்கியிருக்கிறது. கீழ்முதுகு நோவுடையோர் 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் 61 கோடியே 90 இலட்சம் பேர் எனக் கணக்கிட்டிருக்கிறார்கள். மனிதரை இயலாதவராக்கி வைத்திருக்கும் காரணங்களுள் இதற்கே முதலிடம். உயிரைக் கொள்ளாத வியாதியாகையால் பத்திரிகைகளில் பெருந்தலைப்பு இதற்குக் கிடைப்பதில்லை. நாட்கூலிக்கு மூட்டை சுமக்கும் ஒருவரை இது என்ன செய்யும் என்பதை அவர் வீட்டு அடுப்படியிலேதான் அறியலாம்.

கை செய்யும் வேலை யாது?

எலும்பை விட்டால், நமது உறுப்புகளை அசைப்பனவும் தாங்குவனவும் மென்னிழையங்களே. தசை, அத்தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாண், எலும்பை எலும்போடு கட்டிவைத்திருக்கும் இணையம், இவற்றையெல்லாம் போர்த்திருக்கும் வெண்ணிறச் சவ்வு. கழுத்துப்பிடிப்பு, தோள்மூட்டு நோ, குதிக்கால் நோ என்று நாம் சொல்பவற்றிற் பல இவற்றைச் சார்ந்தவை. இவற்றைக் கையால் அழுத்தியும் நீவியும் பிசைந்தும் குணப்படுத்த முயல்வது மனிதன் கண்ட மிகப் பழைய வைத்தியங்களுள் ஒன்று. கிரேக்க மருத்துவ நூல்களிலேயே, வைத்தியன் பழகியிருக்க வேண்டியவற்றுள் ஒன்றாகத் தேய்த்துவிடுதலும் சொல்லப்பட்டிருக்கிறது. நமது சித்த வைத்தியத்தில் தைலங்களுக்கும் தொக்கணத்துக்கும் உள்ள இடம் யாவரும் அறிந்ததே.

பழமை இருக்கட்டும். கை படும்போது உள்ளே நடப்பது என்ன? பிடித்துவிடுபவரைக் கேட்டால், "நரம்பு பிசகியிருந்தது, சரிப்படுத்தினேன்" என்பார் ஒருவர்; "தசையில் முடிச்சு விழுந்திருந்தது, உடைத்தேன்" என்பார் இன்னொருவர். மேனாட்டு நிபுணரும் இவர்களுக்குக் குறைந்தவரல்லர். ஒட்டிப்போன சவ்வுகளைப் பிரித்துவிட்டதாகவும், களைத்த தசையில் தேங்கிய இலற்றிக்கமிலத்தைப் பிழிந்து வெளியேற்றியதாகவும் அவர்கள் நெடுங்காலம் சொல்லி வந்தார்கள். கேட்க நன்றாயிருக்கும் இவ்விளக்கங்கள் சோதனைக்கு நிற்கவில்லை. தொடையின் புறப்பக்கத்தையும் உள்ளங்காலையும் போர்த்திருக்கும் தடித்த சவ்வுகளை நூற்றில் ஒரு பங்கேனும் அமுக்குவதற்கு எவ்வளவு விசை வேண்டும் என்று 2008ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளர் சிலர் கணக்கிட்டுப் பார்த்தனர். மனிதக் கை செலுத்தக்கூடிய அளவுக்கு அது அப்பாற்பட்டதாயிருந்தது. 2012இல் கனடாவில் 11 வாலிபர்களைக் களைக்குமட்டும் சைக்கிள் மிதிக்கவைத்து, ஒரு காலை மட்டும் 10 நிமிடம் பிசைந்துவிட்டு, இரண்டு தொடைகளிலிருந்தும் தசைத்துணுக்குகளை எடுத்துச் சோதித்தார்கள். இலற்றிக்கமிலத்தில் வேறுபாடு காணப்படவில்லை. ஆயினும் பிசைந்த காலில் அழற்சியைத் தூண்டும் இரசாயனச் சைகைகள் தணிந்திருந்தன. ஆகவே கை ஒன்றுமே செய்வதில்லை என்று சொல்வதற்கும் இடமில்லை. அது செய்வது நாம் நினைத்திருந்த வேலை அல்ல, அவ்வளவுதான்.

கையின் பெரும் பணி நரம்புகளோடு சம்பந்தப்பட்டது. இருட்டிலே கட்டிற்காலில் முழங்காலை இடித்துக்கொள்கிறோம். யாரும் சொல்லித்தராமலே கை ஓடிச்சென்று அவ்விடத்தைத் தேய்க்கிறது, நோ தணிகிறது. ஏன்? 1965ஆம் ஆண்டில் மெல்சாக், வோல் என்னும் இரு அறிஞர்கள் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள். முள்ளந்தண்டினூடாகச் செல்லும் முண்ணாணில் நோவுச் செய்திகளுக்கென்று ஒரு படலை இருப்பதாகக் கொள்க. தொடுகையும் அழுத்தமும் அனுப்பும் செய்திகள் பெருகி வரும்போது அந்தப் படலை சாத்திக்கொள்கிறது. மேலிருந்து மூளையும் அதனைச் சாத்தவும் திறக்கவும் வல்லது. இதுவே அவர்தம் கொள்கை. நுணுக்கங்கள் பலவற்றைப் பின்வந்தோர் திருத்தினர். அடிப்படைக் கருத்து இன்றும் நிலைத்திருக்கிறது. இதனோடு இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். நோவுக்கு அஞ்சித் தசை இறுகுகிறது. இறுகுவதால் நோ மிகுகிறது. நம்பிக்கைக்குரிய ஒருவரின் கை பட்டதும் அச்சம் இளகுகிறது, கூடவே தசையும் இளகுகிறது. நமது ஊர்களிலே 'கைராசி' என்று சொல்கிறோமே, அதில் இதற்கும் ஒரு பங்கு இருக்கத்தான் வேண்டும்.

சாத்திய படலை எவ்வளவு காலம் சாத்தியிருக்கும் என்பதே அடுத்த கேள்வி. நாட்பட்ட கீழ்முதுகு நோவுடைய 401 பேரை மூன்று பிரிவாக்கி அமெரிக்காவில் நடத்திய ஓர் ஆராய்ச்சியின் முடிவு 2011இல் வெளியாயிற்று. ஒரு பிரிவினருக்கு உடலைத் தளர்த்தும் சாதாரணப் பிடிப்பு. இன்னொரு பிரிவினருக்கு, நோவுக்குக் காரணமெனக் கருதப்படும் தசைகளைத் தேடிச்சென்று செய்யும் நுட்பமான பிடிப்பு. மூன்றாம் பிரிவினருக்கு அவரவர் பெற்றுவந்த வழக்கமான வைத்தியம். பிடித்துவிடுதல் கிழமைக்கு ஒரு முறையாக 10 கிழமை நடந்தது. முடிவில், பிடித்துவிடப்பட்ட இரு பிரிவினரும் மூன்றாம் பிரிவினரைவிட நன்றாகத் தேறியிருந்தனர். அந்த அனுகூலம் ஆறு மாதம்வரை தெரிந்தது. ஆனால் நுட்பமான பிடிப்புக்கும் சாதாரணப் பிடிப்புக்கும் இடையில் சொல்லத்தக்க வேறுபாடில்லை. ஓராண்டு கழிந்தபோது மூன்று பிரிவினருக்கும் இடையே இருந்த வித்தியாசம் பெரும்பாலும் கரைந்துபோயிருந்தது. தங்கள் முறைதான் மற்றெல்லா முறைகளிலும் மேலானது என்று பலகை தூக்குவோர் இந்த ஆராய்ச்சியை ஒரு தரம் படித்துப் பார்க்கலாம்.

வாள்வீரரும் நான்கு தாதியரும்

பிடித்துவிடுதலும் தேகாப்பியாசமும் ஒன்றையொன்று விட்டுப் பிரியாத துணைகள் என்பதை முன்னோர் சிலர் கண்டிருந்தனர். சுவீடன் நாட்டிலே பேர் ஹென்றிக் லிங் என்றொரு வாள்வித்தை ஆசிரியர் வாழ்ந்தார் (1776 - 1839). வாட்பயிற்சியினால் தம் கைநோ தணிந்ததைக் கண்ட அவர், ஒழுங்குபடுத்திய அசைவுகளே மருந்தாகும் என்று துணிந்து, 1813இல் ஸ்டொக்ஹோம் நகரில் அரசாங்க ஆதரவுடன் ஓர் அப்பியாசக் கல்லூரியை நிறுவினார். இன்று உல்லாச விடுதிகளிலே 'சுவீடன் முறை' என்று விற்கப்படும் பிடித்துவிடுதலுக்கு அவரைத் தந்தையாகச் சொல்வது வழக்கம். அம்முறையிலுள்ள நீவுதல், பிசைதல், தட்டுதல் என்ற பகுப்பைச் செய்தவர் ஒல்லாந்து வைத்தியரான மெற்ஸ்கர் என்பதே சரித்திரகாரர் பலர் கருத்து. லிங் முதன்மை கொடுத்தது அசைவுக்கே. அவர் செய்ததை மறந்துவிட்டு, செய்யாததற்கு அவர் நாட்டின் பெயரைச் சூட்டியிருக்கிறோம்.

இத்தொழிலுக்கு ஒரு சோதனைக் காலமும் வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இலண்டன் மாநகரிலே பிடித்துவிடும் நிலையங்கள் என்ற பெயரில் இழிந்த தொழில்கள் நடப்பதாக 1894இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகை எடுத்துக்காட்டியது. முறையாகப் பயின்று நோயாளர்க்குச் சேவை செய்துவந்த தாதியரும் அந்த அவப்பெயருக்கு ஆளாயினர். அவர்களுள் லூசி றொபின்சன், றோசலின்ட் பஜெற், எலிசபெத் மான்லி, மார்கரெற் பாமர் என்னும் நால்வர் மனந்தளராது அதே ஆண்டில் ஒரு சங்கம் அமைத்தார்கள். வைத்தியர் பணித்தாலன்றி எவருக்கும் கைவைப்பதில்லை. பொதுப் பத்திரிகைகளில் விளம்பரஞ் செய்வதில்லை. பரீட்சையில் தேறாதவருக்குச் சான்றிதழ் இல்லை. இவையே அவர்கள் விதித்த விதிகள். 1914இல் மூண்ட மகாயுத்தத்தில் காயமுற்றுத் திரும்பிய போர்வீரர்களின் முடங்கிய கைகால்களை நீட்டவும் மடக்கவும் வைத்தவர்கள் இத்தகைய பெண்களே. 1920இல் அச்சங்கத்துக்கு அரச பட்டயம் கிடைத்தபோது அதன் பெயரில் பிடித்துவிடுதலும் மருத்துவத் தேகாப்பியாசமும் பக்கம் பக்கமாக இடம்பெற்றன. 1944இல் இரண்டையும் அடக்கி 'இயன்மருத்துவம்' என்ற ஒரே பெயரை அது சூடிக்கொண்டது. நமது அரசாங்க வைத்தியசாலைகளில் நாம் காணும் இயன்மருத்துவரின் தொழிலுக்கும் இந்த நால்வரின் துணிவுக்கும் தொடர்புண்டு.

படுக்கை என்னும் மருந்து

கையைப்பற்றி இவ்வளவும் சொன்னோம். கட்டிலைப்பற்றியும் சொல்ல வேண்டும்.

"அசையாமற் படுத்திரு" என்றது நமது பாட்டிமார் மட்டுமன்று. இருபதாம் நூற்றாண்டின் பெரும் பகுதியில் படித்த வைத்தியர்களும் அதையே எழுதிக் கொடுத்தார்கள். முதுகு நோவா, மெத்தைக்குக் கீழே பலகை வைத்து இரண்டு கிழமை படு என்பார்கள். நீடித்த படுக்கை எவ்வளவு ஆபத்தானது என்று றிச்சட் அஷர் என்ற ஆங்கில வைத்தியர் 1947இலேயே எச்சரித்து எழுதினார். ஆயினும் முதுகு நோவாளரைக் கட்டிலிலிருந்து எழுப்ப மேலும் நாற்பது ஆண்டுகள் சென்றன.

1986இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் 203 நோயாளரை இரு கூறாக்கி, ஒரு கூறினரை 2 நாட்களும் மறுகூறினரை 7 நாட்களும் படுத்திருக்கச் சொன்னார்கள். 2 நாள் படுத்தவர்கள் இழந்த வேலைநாட்கள் மற்றவர்களைவிட நூற்றுக்கு 45 பங்கு குறைவு. மற்றப்படி குணமாவதில் இருவருக்கும் வேறுபாடில்லை. அதாவது மிகுதி 5 நாட்களையும் கட்டிலில் கழித்ததால் ஒருவரும் ஒன்றும் பெறவில்லை. 1995இல் பின்லாந்திலே ஹெல்சிங்கி நகரசபை ஊழியர் 186 பேரை வைத்து நடத்திய ஆராய்ச்சி இன்னும் சுவையானது. நோ கண்ட புதிதில் ஒரு சாரார் 2 நாள் படுத்தனர். ஒரு சாரார் முதுகுக்கென்று வகுத்த அப்பியாசங்களைச் செய்தனர். மற்றொரு சாராரிடம், முடிந்த அளவுக்கு அன்றாட அலுவல்களைப் பார்த்துக்கொண்டிருங்கள் என்று மட்டும் சொல்லப்பட்டது. முதலில் தேறியவர்கள் அந்த மூன்றாஞ் சாரார்; கடைசியாகத் தேறியவர்கள் படுத்தவர்கள். நோ சூடாயிருக்கும் முதற் சில நாட்களில் விசேட அப்பியாசமும் தேவையில்லை, சாதாரணமாக நடமாடினாற் போதும் என்பது இதனால் தெளிவாயிற்று. அப்பியாசத்தின் காலம் அதற்குப் பின்னரே வருகிறது.

அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்திலே 1997இல் இதனை ஊரறியச் செய்தார்கள். முதுகு நோவா, படுத்துக்கிடக்காதீர்கள் என்ற செய்தியைத் தொலைக்காட்சியில் மீண்டும் மீண்டும் ஒளிபரப்பினார்கள். பொதுமக்கள் எண்ணம் மட்டுமன்றி வைத்தியர்கள் எண்ணமும் மாறியது. முதுகு நோவுக்காக நட்டஈடு கோரிய தொழிலாளர் தொகையும் குறைந்தது. அயல் மாநிலமான நியூ சவுத் வேல்சில் அம்மாற்றம் காணப்படவில்லை. ஊசியுமில்லை, மருந்துமில்லை, ஒரு வார்த்தை மாற்றிச் சொன்னதன் பயன் அது.

வார்த்தைக்கு அத்தனை வலிமை உண்டென்றால் அது கெடுதலும் செய்யும் அல்லவா? "உங்கள் முதுகெலும்பு தேய்ந்துவிட்டது; இனிக் கவனம்" என்று எப்போதோ ஒருவர் சொன்னதை நம்பி, ஆண்டுக் கணக்காக இடுப்புப்பட்டி கட்டிக்கொண்டு, பேரப்பிள்ளையைத் தூக்க அஞ்சி, தண்ணீர்க் குடத்தைக்கூடத் தொடாமல் வாழும் ஒருவரேனும் இல்லாத ஊர் உண்டா? அவருக்கு ஒரு செய்தி. முதுகு நோ ஒரு சிறிதும் இல்லாதவர்களின் முதுகைப் படம் பிடித்த ஆராய்ச்சிகள் பலவற்றை 2015இல் ஒருங்கு சேர்த்துப் பார்த்தார்கள். முள்ளெலும்புகளுக்கிடையே உள்ள வட்டுகளின் தேய்வு 20 வயதினரில் நூற்றுக்கு 37 பேரிடமும் 80 வயதினரில் நூற்றுக்கு 96 பேரிடமும் காணப்பட்டது. நோ இல்லாதவர்களில்! தலைமயிர் நரைப்பதுபோல வட்டுகளும் முதுமையடைகின்றன. படத்திலே தெரிவதெல்லாம் நோவுக்குக் காரணம் என்று கொள்வது தவறு. பயந்து பயந்து அசையாதிருப்பதால் தசை மெலிகிறது. மெலிந்த தசை சிறு பாரத்துக்கும் நோகிறது. நொந்தவுடன் பயம் உறுதிப்படுகிறது. அவரை முடக்கி வைத்திருப்பது பெரும்பாலும் இந்தச் சுழலே.

அறுக்கப் போய் ஆறிய நாண்

சுமை ஏற்றினால் நொந்த இழையம் கெடும் என்பது பொதுப்புத்தி. அதற்கு மாறான உண்மை ஒன்று வெளிப்பட்ட விதம் வேடிக்கையானது.

சுவீடனின் வடபகுதியிலே ஊமெயோ என்றொரு பல்கலைக்கழக நகரம். அங்கே எலும்புமூட்டுச் சத்திரசிகிச்சை வைத்தியரான ஹோக்கன் அல்பிரெட்சன் ஓட்டத்தில் பிரியமுள்ளவர். கெண்டைக்காலையும் குதியெலும்பையும் இணைக்கும் பருத்த தசைநாணாகிய குதிநாணில் அவருக்கு நோ கண்டது. என்ன செய்தும் போகவில்லை. தமக்குச் சத்திரசிகிச்சை செய்யும்படி மேலதிகாரியைக் கேட்டார். இவர் நெடுநாள் லீவில் நின்றால் வேலை நடவாது என்று அவர் மறுத்துவிட்டாராம். நாண் முற்றாக அறுந்துவிட்டால் சத்திரசிகிச்சை செய்யாதிருக்க முடியாதல்லவா? ஆகவே அதனை அறுத்தே விடுவதென்று தீர்மானித்து, நோவைப் பொருட்படுத்தாமல் நாள்தோறும் குதியைத் தாழ்த்தி நாணை இழுக்கும் கடும்பயிற்சியில் இறங்கினார். நாண் அறவில்லை, நோ அற்றுப்போயிற்று. இக்கதையைப் பின்னாளில் சொன்னவர் அவரேதான்.

கதையோடு நின்றிருந்தால் அதனை இங்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. குதிநாண் நோவுக்காகச் சத்திரசிகிச்சைக்குக் காத்திருந்த 15 பேருக்கு அவர் இந்தப் பயிற்சியைக் கொடுத்தார். படியின் விளிம்பிலே முன்பாதத்தை ஊன்றி நிற்க வேண்டும். நல்ல காலால் எழும்ப வேண்டும். பின்னர் உடற்பாரம் முழுவதையும் நொந்த காலுக்கு மாற்றி, குதி படிக்குக் கீழே இறங்கும்வரை மெதுவாகத் தாழ வேண்டும். முழங்காலை நீட்டியபடி 15 தரமாக மூன்று முறை, சற்று மடித்தபடி 15 தரமாக மூன்று முறை, காலையும் மாலையும், கிழமையில் ஏழு நாளும், 12 கிழமை. கணக்குப் பார்த்தால் நாளொன்றுக்கு 180 தரம்! பொறுக்கக்கூடிய நோவுக்காக நிறுத்தக்கூடாது. நோ குறைந்துவிட்டால் முதுகுப்பையிலே பாரம் வைத்துக்கொண்டு செய்ய வேண்டும். 1998இல் முடிவு வெளியாயிற்று. அந்த 15 பேரும் முன்போல ஓடினார்கள். ஓய்வு, மாத்திரை, பாதணி மாற்றம் என்று வழக்கமான வைத்தியம் பெற்ற வேறு 15 பேரில் ஒருவருக்கேனும் குணமாகவில்லை. அனைவரும் சத்திரசிகிச்சைக்கே சென்றனர்.

சிறிய ஆராய்ச்சிதான். ஆனால் பின்னர் பலரும் செய்து பார்த்து, சுமைப்பயிற்சி பலிக்கிறது என்பதை உறுதிப்படுத்தினர். நாண் எலும்போடு சேரும் இடத்திலேயே நோ இருந்தால் குதியை அவ்வளவு கீழே இறக்குவது நல்லதல்ல என்பதும் தெரியவந்தது. நாள்தோறும் 180 தரம் செய்வது ஒன்றுதான் வழி என்பதுமில்லை. கனத்த பாரத்தோடு கிழமைக்கு மூன்று நாள் மெதுவாகச் செய்வதும் அதே பயனைத் தருமென 2015இல் டென்மார்க்கில் கண்டார்கள். வேலைக்குப் போகும் மனிதருக்கு இது வசதி.

ஏன் பலிக்கிறது? தசைநாண் கயிறு போன்றது. ஆனால் உயிருள்ள கயிறு. அதனுள் இருக்கும் உயிரணுக்கள் தம்மேல் ஏறும் இழுவிசையை உணர்ந்து அதற்கேற்ப நார்களை நெய்கின்றன. இழுவிசை இல்லாவிட்டால் நெசவு தளர்கிறது. இரத்தவோட்டம் குறைந்த இழையமாகையால் இந்த நெசவு நாட்கணக்கில் நடவாது, மாதக்கணக்கில் நடக்கும். இரண்டு கிழமை செய்து பார்த்துவிட்டு, "அப்பியாசம் எனக்குச் சரிவரவில்லை" என்று கைவிடுவோர் இந்த ஒரு விடயத்தை அறியாமையால் இழப்பது பெரிது.

வீட்டிலே செய்யத்தக்கது

அப்படியானால் எண்ணெய்ப் போத்தலை எறிந்துவிடுவதா? வேண்டாம். கைக்கும் அப்பியாசத்துக்கும் உள்ள உறவை அறிந்துகொண்டாற் போதும். தோள் இறுகிக் கையைத் தூக்க முடியாத ஒருத்திக்குப் பத்து நிமிடம் நீவிவிட்டால் சிறிது நேரம் நோ குறைகிறது. அந்த நேரத்தில் அவள் சுவரிலே விரல்களை நடத்தி மேலே மேலே ஏற்றிப் பழக வேண்டும். இன்று எட்டிய உயரத்துக்குக் கரியால் ஒரு கோடும் இட்டுவைக்கலாம். நீவிவிட்ட பின் தலையணையைத் தேடிப்போனால் அந்தப் பத்து நிமிடமும் வீணே. நல்ல இயன்மருத்துவர் கைவைத்துச் செய்வதோடு நில்லாமல், "வீட்டில் இதைச் செய்யுங்கள்; இத்தனை தரம்; அடுத்த முறை வரும்போது செய்து காட்டுங்கள்" என்பார். எதுவுஞ் சொல்லாமல், ஒவ்வொரு கிழமையும் வந்து படுங்கள் என்பவரிடம் நாமே கேட்டுவிடலாம்: "ஐயா, நான் வீட்டில் என்ன செய்ய வேண்டும்?"

நோவோடு அப்பியாசம் செய்யலாமா என்பது எல்லாரும் கேட்பது. பொறுக்கக்கூடிய நோவானால் செய்யலாம். மறுநாட் காலையில் அது முன்னைய அளவுக்குத் தணிந்திருந்தால் செய்த அளவு சரி. கூடியிருந்தால் சற்றுக் குறைத்துக்கொள்ள வேண்டும், விட்டுவிடக்கூடாது. முதுகுக்கும் முழங்காலுக்கும் ஏற்ற எளிய அப்பியாசம் கதிரையிலிருந்து கையூன்றாமல் எழுந்து மெதுவாக அமர்தல். பத்துத் தரம் செய்து பார்த்தால் அது எவ்வளவு எளியது என்பது தெரியும்! நிலத்திலே சம்மணமிட்டு உண்டு, குந்தியிருந்து காய்கறி அரிந்து, எழும்பி நடந்த நமது பாட்டிமார் இதனை அப்பியாசமென்று அறியாமலே நாளில் எத்தனை தரம் செய்தார்கள். பிளாஸ்டிக் கதிரை மலிந்த பின் அது நின்றுவிட்டது.

எச்சரிக்கை ஒன்று இன்றியமையாதது. இரண்டு கால்களிலும் பலம் குன்றினால், தொடையிடுக்கில் உணர்வு மரத்தால், சிறுநீர் கழிக்க முடியாமலோ அடக்க முடியாமலோ போனால், அது சாதாரண நாரிப்பிடிப்பன்று. அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். விழுந்து அடிபட்டபின் வந்த நோ, காய்ச்சலோடு கூடிய நோ, காரணமின்றி உடல் மெலிவதோடு வரும் நோ, முன்னர் புற்றுநோய் கண்டவருக்கு வரும் நோ ஆகியவற்றையும் வைத்தியரிடம் காட்டாமல் எண்ணெய் பூசிக்கொண்டிருக்கக்கூடாது. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாகி நொந்தால் அதனை ஒருபோதும் பிசைந்துவிடலாகாது. உள்ளே நாளத்தில் இரத்தம் உறைந்திருந்தால், பிசையும்போது அது பெயர்ந்து நுரையீரலுக்குச் சென்று உயிருக்கே ஆபத்தாகலாம்.

நோ மாறிய பின்னர்? கீழ்முதுகு நோவின் பெருந்தொல்லை அது திரும்பி வருவதே. இதற்கு என்ன செய்யலாமென்று அவுஸ்திரேலியாவிலே சிட்னி நகரிலுள்ள மக்குவாரி பல்கலைக்கழகத்தார் 701 பேரைக்கொண்டு ஆராய்ந்து 2024இல் முடிவை வெளியிட்டனர். எல்லாரும் அண்மையில் நோவிலிருந்து தேறியவர்கள். அவர்களுள் ஒரு பாதியினர், ஆறு மாதத்தில் ஆறு முறை இயன்மருத்துவர் ஒருவரின் ஆலோசனை பெற்று, தமக்கு இயன்ற தூரத்தில் தொடங்கிச் சிறிது சிறிதாகக் கூட்டி, கிழமைக்கு ஐந்து நாள் அரைமணி நேரம் நடப்பதை இலக்காகக்கொண்டு நடந்தனர். மறுபாதியினருக்கு விசேடமாக ஒன்றும் செய்யப்படவில்லை. நடவாதவர்களுட் பாதிப் பேருக்கு 112 நாட்களுக்குள் நோ திரும்பிவிட்டது. நடந்தவர்களுட் பாதிப் பேருக்கு அது திரும்ப 208 நாட்கள் சென்றன. அவர்கள் நடந்தது வீட்டைச் சுற்றியுள்ள தெருக்களிலேதான். எப்போது, எங்கே, யாரோடு நடப்பது என்பதையெல்லாம் அவரவர் வசதிப்படி அவரவரே தீர்மானித்துக்கொண்டார்கள்.